ஃபர்னஸ் ஓடுகிறது, காற்று மட்டும் சில்லென்று வருகிறது

"அக்கா, ஃபர்னஸ் ஓடற சத்தம் நல்லா கேக்குது. ஆனா காத்து சில்லுன்னு வருது. ஃபர்னஸ் போயிடுச்சா?"

போன குளிர்காலத்தில் ஒரு ராத்திரி 11.30 மணிக்கு என் தோழியின் தங்கை கூப்பிட்டாள். வீட்டில் எட்டு மாதக் குழந்தை. குரலிலேயே பதற்றம் தெரிந்தது. அன்றைக்கு போனில் அவளுக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலில் இருப்பவள் இல்லை. வீட்டைச் சூடாக்குகிற கேஸ் ஃபர்னஸ் ஒன்றை 14 வருடமாகப் பார்த்துக்கொள்கிறவள். முதல் குளிர்காலத்தில் அது இதே மாதிரி குளிர்காற்றை ஊதியபோது பழுது பார்க்க வந்தவர், உள்ளேயிருந்து விரல் நீளக் கம்பி ஒன்றைக் கழற்றி, தேய்த்து, திரும்ப மாட்டினார். பத்து நிமிட வேலை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவரும் சலிக்காமல் ஒவ்வொன்றாகக் காட்டினார். அன்று புரிந்துகொண்டது இதுதான். குளிர்காற்று வருகிறது என்றால் கரன்ட் இருக்கிறது, ஊதுகிற ப்ளோயர் வேலை செய்கிறது. நெருப்பு மட்டும் எரியவில்லை. அந்த நெருப்பைப் பெரும்பாலும் ஃபர்னஸ் தானாகவேதான் நிறுத்தியிருக்கும். உள்ளே நாலைந்து காவல்கள் இருக்கின்றன. ஏதாவது ஒன்றுக்குச் சந்தேகம் தட்டினாலும் கேஸ் வால்வு மூடிக்கொள்ளும். எந்தக் காவல் நிறுத்தியது, எதைப் பார்த்து நிறுத்தியது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

எதையும் தொடுவதற்கு முன்னால் மூக்கால் பாருங்கள். அழுகிய முட்டை வாடை அடித்தால் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிடுங்கள். லைட் ஸ்விட்சைக்கூடத் தட்டாமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய், அங்கிருந்து கேஸ் அவசர எண்ணுக்குப் பேசுங்கள். கேஸுக்கென்று வாசனை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே அந்த வாடையைக் கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு அதுவும் இல்லை. நிறம், மணம் எதுவுமே இல்லாத விஷம் அது. அதைக் கண்டுபிடிக்கிற அலாரம் கத்தினாலோ, வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் கிறுகிறுப்பும் குமட்டலும் வந்தாலோ உடனே வெளியேறி அவசர உதவியைக் கூப்பிடுங்கள். படுக்கையறைப் பக்கம் அலாரம் இல்லாத வீடு என்றால், ஃபர்னஸைவிட முதலில் கவனிக்கவேண்டியது அதைத்தான்.

உண்மையிலேயே குளிர்காற்றுதானா?

கையை நம்பாதீர்கள். நம் தோலின் சூடு 33 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அதைவிடக் கொஞ்சம் குறைந்த சூட்டில் காற்று வந்து பட்டால், அது அறையைச் சூடாக்கிக்கொண்டிருந்தாலும் கைக்குச் சில்லென்றுதான் தெரியும். வெளிக்காற்றின் சூட்டை எடுத்து உள்ளே தருகிற ஹீட் பம்ப் வைத்திருக்கிற வீடுகளில் இந்தக் குழப்பம் நிறைய. அதிலிருந்து வரும் காற்று கேஸ் ஃபர்னஸ் காற்றைப் போலச் சுடாது. நடுநடுவே வெளி யூனிட்டில் படிந்த பனியைக் கரைக்க அது தன் ஓட்டத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தச் சில நிமிடங்கள் காற்று இன்னும் குளிரும். அது பழுது இல்லை.

கேஸ் ஃபர்னஸிலும் ப்ளோயர் கிளம்பும்போது டக்ட் என்கிற காற்றுக் குழாய்க்குள் தங்கியிருந்த பழைய காற்றுதான் முதலில் வெளியே வரும். அரை நிமிடம் பொறுங்கள். நெருப்பு அணைந்த பிறகும் ப்ளோயர் ஒன்றிரண்டு நிமிடம் ஓடி மிச்சச் சூட்டைத் தள்ளும். அதன் கடைசி மூச்சும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஃபர்னஸுக்குப் பக்கத்தில் காற்று வெளிவருகிற வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகுங்கள். காற்றை உள்ளே இழுக்கிற கிரில்லில் இன்னொன்று. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கவேண்டும் என்று ஃபர்னஸின் மேல் ஒட்டியிருக்கிற தகட்டிலேயே போட்டிருக்கும். பல ஃபர்னஸ்களில் அது 20 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் வரும்.

அறைக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று சொல்கிற தெர்மோஸ்டாட்டை ஒரே பார்வையில் முடித்துவிடலாம். ஹீட்டில் இருக்கிறதா? அதில் வைத்திருக்கிற சூடு அறையின் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலா? பேட்டரி தீரவில்லையே? எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஃபேன் 'ஆன்' என்று இருக்கிறதா, 'ஆட்டோ' என்று இருக்கிறதா? ஆனில் இருந்தால் நெருப்பு எரியாத நேரத்திலும் ப்ளோயர் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி ஊதும். ஆட்டோவுக்கு மாற்றியதும் முடிந்துபோன 'பழுது'களை நான் நாலைந்து வீடுகளில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெண் வீட்டில் ஆட்டோவில்தான் இருந்தது.

ஃபில்டர்

அடுத்து அவளிடம் கேட்டது, "ஃபில்டர் எப்பம்மா மாத்தினே?"

அடைத்த ஃபில்டருக்கும் குளிர்காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று பலருக்கும் புரிவதில்லை. பர்னர்களில் எரிகிற நெருப்பு ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்கிற இரும்பு அறையைச் சூடாக்குகிறது. வீட்டுக் காற்று அதன் வெளிப்புறத்தைத் தடவிக்கொண்டு போய்ச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும். சூட்டை வாங்கிப்போக ஆள் இல்லாமல் இரும்பு கொதிக்கும். உடனே லிமிட் ஸ்விட்ச் என்கிற காவல் நெருப்பை அணைத்துவிட்டு, இரும்பு ஆறட்டும் என்று ப்ளோயரை மட்டும் ஓடவிடும். அப்போது வருவதுதான் நம் மேல் படுகிற குளிர்காற்று. ஆறியதும் மறுபடி எரியும், மறுபடி கொதிக்கும், மறுபடி அணையும். கொஞ்ச நேரம் சூடு, கொஞ்ச நேரம் குளிர் என்று மாறி மாறி வந்தால் முதல் சந்தேகம் ஃபில்டர் மேல்தான்.

ஃபர்னஸின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஃபில்டரை உருவி, விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியவில்லை என்றால் காற்றும் போகவில்லை. எங்கள் வீட்டில் ஒருமுறை சுவரைத் தேய்த்துப் பூச்சு வேலை நடந்தது. மூன்றே வாரத்தில் புது ஃபில்டர் சாம்பல் நிறக் கம்பளி மாதிரி ஆகிவிட்டது. விரலால் தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. மூன்று மாதம் தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பி நான் திறந்தே பார்க்கவில்லை. அதிலிருந்து குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை உருவிப் பார்க்கிறேன். புதிதை மாட்டும்போது அதன் ஓரத்தில் இருக்கிற அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்து இருக்கவேண்டும். மிக நுண்ணிய தூசியைக்கூடப் பிடிக்கும் என்று விற்கிற அடர்த்தியான ஃபில்டர்கள் சில ஃபர்னஸ்களுக்கு ஒத்துவராது. புதிதாக இருக்கும்போதே அவை காற்றை இறுக்கிப் பிடித்துவிடும்.

வென்ட்டுகளையும் ஒரு சுற்று பாருங்கள். ஆள் இல்லாத அறைதானே என்று மூடி வைத்தவை, சோபா மறைத்தவை, காற்றை இழுக்கிற பெரிய கிரில்லின் மேல் விரித்த கம்பளம், எல்லாமே அதே கொதிப்பைத்தான் உண்டாக்கும். புது ஃபில்டர் போட்டு, வென்ட்டுகளைத் திறந்துவிட்ட பிறகும் லிமிட் ஸ்விட்ச் நெருப்பை அணைத்துக்கொண்டே இருந்தால் அது ஆளைக் கூப்பிடவேண்டிய விஷயம். ப்ளோயர் சக்கரத்தில் அழுக்கு ஏறியிருக்கலாம், அதன் கெபாசிட்டர் சோர்ந்திருக்கலாம், மேலே இருக்கிற ஏசி காயில் அடைத்திருக்கலாம்.

உட்கார்ந்து கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு பகுதியை மனதில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஃபர்னஸ் எதிரே உட்காருங்கள். வீட்டில் இன்னொருவரைத் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து, சத்தமெல்லாம் அடங்கிய பிறகு ஏற்றச் சொல்லுங்கள். முன் கதவைத் திறக்கவேண்டாம். கதவுக்குப் பின்னால் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, திறந்தால் எல்லாமே நின்றுவிடும். கதவில் இருக்கிற சின்னக் கண்ணாடித் துளை வழியாகப் பாருங்கள்.

முதலில் ஒரு 'டிக்'. பிறகு சின்ன விசிறி ஒன்று உறுமத் தொடங்கும். பெரிய ப்ளோயர் வேறு, இது வேறு; புகையை வெளியே தள்ளுகிற இன்டியூசர் இது. அது சரியாக இழுக்கிறது என்று பிரஷர் ஸ்விட்ச் உறுதி செய்தால் இன்னொரு மெல்லிய 'டிக்'. அதன் பிறகு தீ மூட்டுகிற இக்னைட்டர் ஆரஞ்சு நிறத்தில் பழுக்கும். அரை நிமிடம்வரை ஆகலாம். சில ஃபர்னஸ்களில் பழுப்பதற்குப் பதில் 'டிக் டிக் டிக்' என்று பொறி தட்டும். கேஸ் வால்வு திறந்து 'புஸ்' என்று ஒரு பர்னரில் பிடித்த தீ வரிசையாக மற்றவற்றுக்குத் தாவும். தீ நீலமாக நேரே நிற்கும். தீ பிடித்துவிட்டது என்று ஃபிளேம் சென்சர் சில நொடிகளில் சாட்சி சொல்லும். அரை நிமிடமோ கொஞ்சம் கூடவோ கழித்து ப்ளோயர் எழும்பும்.

இந்த வரிசை எந்த இடத்தில் அறுகிறது என்பதுதான் விடை. போன் கேமராவில் வீடியோ எடுத்துக்கொண்டால் பிறகு நிதானமாக நொடிகளை எண்ணலாம்.

கதவுத் துளை வழியாகவே இன்னொன்றும் தெரியும். ஃபர்னஸை இயக்குகிற கன்ட்ரோல் போர்டில் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். மூன்று முறை சிமிட்டி நின்று, மறுபடி மூன்று முறை என்றால் அதற்கு ஓர் அர்த்தம். நான்குக்கு வேறு அர்த்தம். அந்தப் பட்டியல் கதவின் உள்பக்கத்திலேயே ஒட்டியிருக்கும். பிராண்டுக்குப் பிராண்டு மாறும் என்பதால் உங்கள் கதவில் உள்ளதை மட்டும் நம்புங்கள். ஸ்விட்சை அணைப்பதற்கும் கதவைத் திறப்பதற்கும் முன்பே சிமிட்டலை எண்ணிவிடுங்கள். சில போர்டுகள் கரன்ட் போனால் நடந்ததை மறந்துவிடும்.

தீ பிடித்து, எண்ணி ஐந்தாறு நொடியில் அணைந்தால்

என் ஃபர்னஸின் முதல் பழுது இதுதான். நான் பார்த்ததில் அதிகம் வருவதும் இதுதான். அழகாக நீலத்தீ பிடிக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. 'டக்'. அணைந்துவிடும். சற்றுப் பொறுத்து மறுபடி முயலும். சில முயற்சிகளுக்குப் பிறகு கைவிட்டுப் பூட்டிக்கொள்ளும். பல போர்டுகள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்ப முயலும். இதற்கிடையில் ப்ளோயர் ஊதினால் வருவது குளிர்காற்று.

ஃபிளேம் சென்சர் என்பது தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு கம்பி, பீங்கான் பிடியோடு. தீ வழியாக மிகச் சின்ன மின்னோட்டம் பாயும், ஒரு ஆம்பியரின் பத்து லட்சத்தில் சில பங்கு. அதை உணர்ந்தால்தான் தீ எரிகிறது என்று போர்டு நம்பும். நாளாக ஆக அந்தக் கம்பியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சு படியும். தீ கண்ணெதிரே எரிந்தாலும் சென்சருக்குத் தெரியாது. எரியாத கேஸ் உள்ளே நிரம்பிவிடுமோ என்று போர்டு வால்வை மூடிவிடும். அது சரியான பயம்தான்.

சுத்தம் செய்வது எளிது. ஃபர்னஸின் ஸ்விட்சையும் பிரேக்கரையும் அணைத்து, கேஸ் கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பி மூடுங்கள். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பர்னர் வரிசையில் இக்னைட்டர் ஒரு முனையில் இருந்தால், சென்சர் பெரும்பாலும் மறுமுனையில் இருக்கும். ஒற்றை வயர், ஒற்றை ஸ்க்ரூ. வயரை நேராக இழுத்துக் கழற்றி, ஸ்க்ரூவை எடுத்து, கம்பியை வளைக்காமல் உருவுங்கள். மிக மெல்லிய ஸ்டீல் ஊல் அல்லது பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால் லேசாகத் தேய்த்தால் போதும். சொரசொரப்பான உப்புத்தாள் வேண்டாம், அது போடுகிற கீறல்களில் பூச்சு இன்னும் சீக்கிரம் ஏறும். உலர்ந்த துணியால் துடைத்து, உலோகத்தில் விரல் படாமல் திரும்ப மாட்டுங்கள். பீங்கானில் விரிசல் தெரிந்தால் தேய்த்துப் பயனில்லை, புதிது வாங்கவேண்டும். கேஸ் கைப்பிடியைத் திறந்து, கதவைப் பொருத்தி, கரன்ட் கொடுத்துவிட்டு வாளிக்குத் திரும்புங்கள். பதினைந்து நொடி தாண்டியும் தீ நின்றால் வேலை முடிந்தது. நான் வருடத்துக்கு ஒருமுறை, குளிர் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுகிறேன்.

பக்கத்தில் இருக்கிற இக்னைட்டரில் கை படக்கூடாது. அது எளிதில் உடையும். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்டாலும் அந்த இடம் அதிகம் சூடாகிச் சீக்கிரம் விரிசல் விட்டுவிடும். இன்டியூசர் ஓடியும் பழுக்கவே இல்லை என்றால் இக்னைட்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம். நன்றாகப் பழுத்தும் தீ பிடிக்கவில்லை என்றால் கேஸ் வருகிறதா என்று பாருங்கள். கைப்பிடி குழாயோடு ஒரே வாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது. அடுப்பும் எரியவில்லை என்றால் பிரச்சினை ஃபர்னஸுக்கு வெளியே.

இன்டியூசர் உறுமுகிறது, பிறகு தடுமாறுகிறது

அந்தப் பெண்ணை வாளியில் உட்காரவைத்து, போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். இன்டியூசர் உறுமியது. தீ பிடித்தது. ஒரு நிமிடம் எரிந்தது, ப்ளோயரும் எழுந்தது. பிறகு 'டிக்'. "அணைஞ்சிடுச்சு அக்கா. காத்து மட்டும் வருது." சென்சர் என்றால் இவ்வளவு நேரம் எரிந்திருக்காது. ஃபில்டர் போன வாரம்தான் மாற்றியது. எல்.இ.டி. சிமிட்டலை எண்ணி, போன வருடம் கதவைப் படம் எடுத்து வைத்திருந்ததோடு ஒப்பிட்டாள். பிரஷர் ஸ்விட்ச்.

"வெளியே பிளாஸ்டிக் பைப் ரெண்டு சுவத்துல நீட்டிக்கிட்டிருக்கும். டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பாரு."

அன்று மாலை காற்றோடு பனி கொட்டியிருந்தது. சுவரோரம் குவிந்த பனி ஒரு பைப்பின் வாயை முக்கால்வாசி மூடியிருந்தது. கையாலேயே வாரி எறிந்தாள். சுற்றிலும் முழங்கை நீளத்துக்கு இடம் விடச் சொன்னேன். உள்ளே வந்து தெர்மோஸ்டாட்டை ஏற்றினாள். இந்த முறை அணையவில்லை.

பிளாஸ்டிக் பைப் வைத்த ஃபர்னஸ்கள் புகையிலிருந்தும் சூட்டைப் பிழிந்துவிடுகின்றன. அதனால் புகையில் இருக்கிற நீராவி தண்ணீராகிவிடும். கடுங்குளிர் நாளில் அது லிட்டர் கணக்கில் வடியும். வடிகிற பாதை அடைத்தாலும், வெளியே போகும் இடத்தில் உறைந்தாலும் தண்ணீர் உள்ளே தேங்கி பிரஷர் ஸ்விட்சைத் திறந்துவிடும். இன்டியூசருக்குள் தண்ணீர் களகளவென்று புரள்கிற சத்தம் கேட்டால் அதுதான். வடிகால் குழாயைக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அலசுங்கள். அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிற 'ட்ராப்' என்கிற பாகத்திலும் கொழகொழவென்று சேறு மாதிரி சேர்ந்திருக்கும். பிரஷர் ஸ்விட்சுக்குப் போகிற மெல்லிய ரப்பர் குழாய் விரிசல் விட்டிருக்கிறதா, கழன்றிருக்கிறதா, அதில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பாருங்கள். கோடையில் அந்த பைப்புகளுக்குள் குளவி கூடு கட்டுவதும் உண்டு.

பிரஷர் ஸ்விட்ச் தொல்லை கொடுத்தால் அதன் இரண்டு வயர்களையும் சேர்த்துவிட்டால் போதும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். புகை வெளியே போகவில்லை என்று சொல்வதற்கு இருக்கிற ஒரே வாய் அது. அதை அடைத்தால் வீடு சூடாகலாம், புகையும் வீட்டுக்குள்ளேயே தங்கலாம். தூக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அது தெரியவே வராது.

மற்ற வகைகள்

எப்போதும் ஒரு சின்னச் சுடர் எரிகிற பழைய ஃபர்னஸ் என்றால், அந்த பைலட் அணைந்திருக்கலாம். குமிழை மூடி, கேஸ் கலைய ஐந்து நிமிடம் காத்திருந்து, அதன் மேல் ஒட்டியிருக்கிற முறைப்படி ஏற்றுங்கள். குமிழை விட்டதும் மறுபடி அணைந்தால் சுடரை உணர்கிற தெர்மோகப்பிள் தேய்ந்திருக்கும். எண்ணெய் ஃபர்னஸில் டேங்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சிவப்பு ரீசெட் பட்டனை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் எரியாத எண்ணெய் உள்ளே சேரும். பிறகு பற்றினால் மொத்தமாகப் பற்றும். மின்சார ஃபர்னஸில் பிரேக்கர்கள்தான் முதல் சந்தேகம். சூடேற்றுகிற காயில்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரேக்கர் இருப்பது சாதாரணம். அவற்றில் ஒன்று விழுந்து ப்ளோயருக்கு உரியது மட்டும் விழாமல் இருந்தால் குளிர்காற்று வரும். ஒருமுறை போட்டுப் பாருங்கள். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள்.

ஃபர்னஸ் பக்கத்தில் சுடச்சுட வந்து, ஓர் அறையில் மட்டும் குளிர்ந்தால் டக்ட் எங்கோ கழன்றிருக்கிறது. கூரையடியிலும் தரையடியிலும் டக்டோடு கை வைத்துக்கொண்டே போனால் சூடு எங்கே வெளியேறுகிறது என்று தெரிந்துவிடும். ஒட்டுவதற்கு அலுமினியத் தாள் டேப் அல்லது மாஸ்டிக் பசை. துணி டேப் சூட்டில் காய்ந்து உரிந்துவிடும்.

எங்கே நிறுத்தவேண்டும்

தீ நீலம் விட்டு மஞ்சளாக ஆடினால், பர்னர் கதவைச் சுற்றிக் கருகல் அல்லது கரி தெரிந்தால், ப்ளோயர் எழுந்ததும் தீ நெளிந்தால், ரோலவுட் ஸ்விட்ச் என்கிற காவல் நெருப்பை நிறுத்தியிருந்தால் ஃபர்னஸை அணைத்துவிடுங்கள். ரோலவுட் ஸ்விட்சில் ஒரு குட்டிப் பட்டன் இருக்கும், அழுத்தினால் மறுபடி ஓடவும் செய்யும். அழுத்தாதீர்கள். தீ தன் அறையை விட்டு வெளியே நாக்கு நீட்டியிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். ஹீட் எக்ஸ்சேஞ்சர் விரிசல் விட்டிருக்கலாம். கேஸ் வால்வைத் திறந்து பார்ப்பதும் நம் வேலை இல்லை.

ஆளைக் கூப்பிடும்போது, "சூடு வரவில்லை" என்று மட்டும் சொல்லாமல் வாளியில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்லுங்கள். "இன்டியூசர் ஓடுகிறது, இக்னைட்டர் பழுக்கிறது, தீ பிடித்து ஆறு நொடியில் அணைகிறது, விளக்கு மூன்று முறை சிமிட்டுகிறது." மாடல் எண்ணையும் வீடியோவையும் அனுப்பினால் தேவையான உதிரிப் பாகத்தோடே வருவார்.

வரும்வரை எல்லோரும் ஒரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருங்கள். மின்சார ஹீட்டர் இருந்தால் நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் வயரில் வேண்டாம். திரையும் போர்வையும் ஒரு மீட்டர் தள்ளியே இருக்கட்டும். கேஸ் அடுப்பையோ கரியையோ பற்றவைத்து அறையைச் சூடாக்கவே கூடாது. வெளியே உறைகிற குளிர் என்றால் வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களை நூல் மாதிரி ஒழுகவிட்டு, சிங்க் அடியில் இருக்கிற அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள்.